நீலியின் ஊர் வரை: ஆனி மாத வாசிப்பும் ஒரு பயணமும்

வெள்ளி, மயிலாடுதுறை

இந்த ஆனி மாதம் முழுக்க இரண்டே வகைப் படிப்புதான் எனக்கு. பகலில் சோழர் வரலாறு, கல்வெட்டுத் தொகுதிகள். ராத்திரியில் கைபேசியில் அமானுஷ்யக் காதல் தொடர்கள். பாழடைந்த ஜமீன் பங்களா, அங்கே முற்பிறவிக் காதலியை எதிர்பார்த்து அலைகிற ஓர் ஆத்மா, பழைய ஓலைச்சுவடியோடு வந்து சேர்கிற கதாநாயகி. தினம் ஓர் அத்தியாயம் வரும். கீழே நூறு பெண்கள் "அடுத்தது எப்போ அக்கா?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

"காலையில ராஜேந்திர சோழன், ராத்திரி ஆவியா? எப்படிடி ஒத்துப்போகுது?" என்று சித்தி கேட்டாள். நன்றாகவே ஒத்துப்போகிறது சித்தி. நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே திண்ணையில் வளர்ந்தவை. அதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்று தோன்றியது. காரைக்காலில் மாங்கனித் திருவிழா நெருங்கிவிட்டது. அதை நடுவில் வைத்துக்கொண்டு, படித்த புத்தகங்கள் எந்த ஊருக்குக் கூப்பிடுகின்றனவோ அந்த ஊர்களுக்கெல்லாம் போவதாகத் திட்டம். கடைசியில் பழையனூர், பேய்க்கதை நீலியின் ஊர். பையில் மணிமேகலை, பெரிய புராணத்தில் ஒரு தொகுதி, கலிங்கத்துப்பரணி. கைபேசியில் பாதியில் நிற்கும் இரண்டு தொடர்கள்.

சனி, பூம்புகார்

காலை பேருந்தில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்தேன். 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பல்லவனீச்சுரம் பக்கம் நடந்தேன். மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டி எடுத்த பௌத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. அகலமான பழைய செங்கல், வரிசையாகச் சிறு சிறு அறைகள். ஒரு செங்கலின் மேல் கையை விரித்து வைத்தேன். என் கை முழுசாக அதில் அடங்கி, மேலும் இடம் மிச்சம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. அதைத் தவிர யாரும் இல்லை.

இந்த விகாரையில் கிடைத்த பொருள்களில் என்னை இங்கே இழுத்தது ஒன்றுதான்: கல்லில் செதுக்கிய புத்தர் பாதம். மணிமேகலையைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். மணிபல்லவத் தீவில் அவள் புத்தரின் பாதபீடிகையைக் கண்டதும்தான் முற்பிறவி முழுதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிறவியில் அவள் இலக்குமி. கணவன் பெயர் இராகுலன். பார்வையாலேயே கொல்லும் பாம்பின் விஷத்தில் அவன் செத்தான், அவள் தீயில் விழுந்தாள். அந்த இராகுலன்தான் இப்போது புகாரில் சோழ இளவரசன் உதயகுமரனாகப் பிறந்து, துறவியான அவளை விடாமல் துரத்துகிறான். அவளுக்கு விஷயம் தெரியும், அவனுக்குத் தெரியாது. கைபேசியில் நான் படிக்கிற தொடர்களில் பாதிக்கு இதுதான் முடிச்சு.

அப்புறம் கதை போகும் போக்கு இருக்கிறதே! உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை என்னும் வித்தியாதரப் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். உண்மையான காயசண்டிகையோ யானைத்தீ என்ற தீராப் பசி நோய் தீர்ந்து ஊரை நோக்கிப் பறந்துவிட்டாள். அவளைத் தேடி வந்த கணவன் காஞ்சனன், தன் மனைவி வேறொருவனோடு பேசுவதாக நினைத்து, உலகவறவி என்ற ஊர் அம்பலத்தில் வைத்து உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். மணிமேகலை தன் சொந்த உருவுக்கு வந்து, அத்தனை நாள் விலக்கி வைத்தவன் உடலை நோக்கி அழுதுகொண்டே ஓடுகிறாள். அப்போது தூணில் இருக்கும் கந்திற்பாவை பேசுகிறது: "செல்லல் செல்லல் சேயரி நெடுங்கண்!" போகாதே, போகாதே என்கிறது. காஞ்சனனிடம் அந்தப் பாவை சொல்வது அதைவிடக் கொடுமை. உன் மனைவி ஊர் திரும்பும் வழியிலேயே விந்தமலையில் மாண்டுவிட்டாள் என்கிறது. வெட்டியவனுக்கும் மனைவி இல்லை, வெட்டுப்பட்டவனுக்கும் காதலி இல்லை.

மணிமேகலையைத் துறவின் காப்பியம் என்றே பள்ளியில் சொல்லித் தந்தார்கள். துறவுதான், சரி. ஆனால் அந்தத் துறவுக்கு என்ன விலை என்று காட்ட, உருமாற்றமும் மறுபிறவியும் பேசும் பாவையும் அதை எழுதிய சாத்தனாருக்குத் தேவைப்பட்டிருக்கின்றன. அவள் அழாமல் போயிருந்தால் இந்தக் காப்பியத்தை நான் இரண்டாம் முறை எடுத்திருக்க மாட்டேன்.

இதே ஊரின் சுடுகாட்டுக் கோட்டத்தைப் பற்றியும் அதில் ஒரு கதை உண்டு. சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே அந்தப் பக்கம் போய், பேய் ஆடுவதைப் பார்த்த பயத்திலேயே செத்துவிடுகிறான். கண் தெரியாத தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காவல் தெய்வம் சம்பாபதியிடம் நியாயம் கேட்கிறாள். அந்தக் கோட்டம் எந்த இடத்தில் இருந்ததோ! கடற்கரையில் நின்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால்

தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம்தான். 1620இல் டேனியர்கள் எழுப்பிய கோட்டை, கடல் பாதி தின்றுவிட்ட பழைய சிவன் கோயில், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு. அச்சுக்கூடம் வைத்தவர், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்றே அவரைச் சொல்வோம். அவர் இங்கே உட்கார்ந்து நம் ஊர்த் தெய்வங்களையும் பேய்களையும் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் ஒன்று இருக்கிறது. 1713இல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சேற்றவே இல்லை. 1867இல்தான் சென்னையில் அச்சில் வந்தது. பிடாரிக்கும் அங்காளம்மனுக்கும் ஒரு பாதிரியாரின் மேசையில் இடம் கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காரைக்காலில் அம்மையார் கோயில் தெரு முழுக்கக் கூட்டம். இன்று புனிதவதிக்கும், அதாவது காரைக்கால் அம்மையாருக்கும், பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம். நேற்றே மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டதாம். வரிசைத் தட்டு, சந்தனம், பழம், தாலி கட்டும்போது கெட்டிமேளம் என்று நிஜக் கல்யாணம்போலவே எல்லாம் நடக்கிறது. எனக்கு முன்னால் நின்ற ஆச்சி ஒருவர் தாலி கட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கல்யாணம் நிலைக்கப்போவதில்லை என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வருஷா வருஷம் கட்டி வைக்கிறார்கள்.

திங்கள், காரைக்கால்

மாங்கனி. பிச்சை கேட்டு வரும் சிவனான பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வருகிறார். அவர் வீதிக்குள் நுழைந்ததும் மாடியிலிருந்தும் பால்கனியிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கின்றன. கீழே முந்தானை விரித்தபடி பெண்கள், துண்டை இழுத்துப் பிடித்தபடி ஆண்கள். பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் பலர். என் தோளில் ஒரு பழம் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் இருந்த இளம்பெண் குனிந்து எடுத்து, "நீங்க வேண்டிக்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை, நீயே வைத்துக்கொள் என்றேன். உடனே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் விடுதிக்கு வந்து பெரிய புராணத்தை எடுத்தேன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள் புனிதவதி. கணவன் இரண்டாவது பழம் கேட்டபோது, வேண்டி வரவழைத்துத் தந்தாள். அதன் ருசியில் சந்தேகப்பட்டு, இன்னொன்று வரவழை பார்ப்போம் என்றான். அதுவும் வந்தது, அவன் வாங்கியதும் மறைந்தது. பரமதத்தன் பயந்துபோய், வாணிபத்துக்கு என்று சொல்லிக் கப்பல் ஏறி, பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். சுற்றத்தார் இவளைப் பல்லக்கில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான். "மானுடம் இவர்தாம் அல்லர்" என்கிறான்.

பரமதத்தனைக் கெட்டவனாகச் சேக்கிழார் எழுதவில்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை, மகளுக்கு அவள் பெயரை வைக்கிறான். பயந்துவிட்டான், அவ்வளவுதான். தன் பெண்டாட்டி தனக்குத் தெரியாத ஒன்றாக இருக்கிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. அதற்கு அவள் அவனிடம் ஒரு சொல்கூடப் பதில் சொல்லவில்லை. இறைவனிடம் பேசுகிறாள். "இனி இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து" எனக்குப் பேய் வடிவு வேண்டும் என்கிறாள். இவனுக்காகச் சுமந்த அழகு, இவனுக்காகச் சுமந்த தசை மூட்டை. இவனுக்கு வேண்டாமென்றால் எனக்கு மட்டும் எதற்கு?

இந்த மாதம் படித்த தொடர்களில் பேயாகவோ ஆத்மாவாகவோ இருப்பது பெரும்பாலும் ஆண். பணக்காரன், பாதுகாப்பவன், கடைசியில் மனித உருவம் கிடைத்துவிடும். அதைப் படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் படுக்கும் பெண்ணுக்கு அந்த இதம் வேண்டியதுதான். அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் காரைக்காலில் திசை தலைகீழ். இங்கே பெண் மனித உருவத்தைக் கழற்றிப் போடுகிறாள். அப்படிப் போட்டபின் அவள் பாடிய பதிகத்தில் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று ஒரு பெண்பேயை வர்ணிக்கத் தொடங்குகிறாள். குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட பற்கள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போடும்போதும் "காரைக்கால் பேய்" என்றுதான். தமிழில் பெயர் தெரிந்த முதல் பக்திக் கவிஞர்களில் ஒருத்தி தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டாள் என்பதை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் நான்.

செவ்வாய், கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணம் வந்து, அணைக்கரை வழியாகப் பேருந்து. கோயில் விமானத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதே தஞ்சாவூரிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. அங்கே கோடு நேராக ஏறும். இங்கே உள்வாங்கி வளையும். சண்டேசருக்கு இறைவன் பூச்சூட்டும் சிற்பத்தின் முன்னால் எல்லோரும் நிற்பதுபோல நானும் நின்றேன். தென்பக்கத்து நடராசர் மாடத்தில், காலடியில், ஒடிசலாக உட்கார்ந்து தாளம் போடும் உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். நேற்றுவரை கல்யாணமும் மாம்பழமுமாகப் பார்த்த காரைக்கால் அம்மையார், விலா எலும்பு தெரிய இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் மாளிகைமேடு. தொல்லியல் துறை தோண்டிய அரண்மனைச் சுவர்களின் அடிப்பகுதி. அங்கே ஒரு மர நிழலில் உட்கார்ந்து கலிங்கத்துப்பரணியைத் திறந்தேன். ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் முதற் குலோத்துங்கன் ஆண்டது இந்த ஊரிலிருந்துதான். அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் 1110 வாக்கில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். போர் நூல் என்றுதான் பெயர். ஆனால் கடவுள் வாழ்த்து முடிந்ததும் அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஊடலில் கதவை அடைத்துக்கொண்ட பெண்களிடம், கதவைத் திறங்கள் என்று கெஞ்சுவதில்.

"வருவார் கொழுநர் எனத்திறந்தும்
வாரார் கொழுநர் எனஅடைத்தும்
திருகும் குடுமி விடியளவும்
தேயும் கபாடம் திறமினோ"

வருவான் என்று திறக்கிறாள், வரமாட்டான் என்று சாத்துகிறாள். விடிய விடியத் திறந்து சாத்திக் கதவின் குடுமியே தேய்ந்துபோகிறது. இந்த மாதம் படித்த காதல் பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒரு தேய்ந்த குடுமிக்கு ஈடாகாது.

அந்தக் கதவு திறந்ததும் அடுத்தது பாலை நிலம், காளி கோயில், பசியில் வற்றிய பேய்கள். இந்திரசாலம் கற்று வந்த முதுபேய் ஒன்று போர்க்களத்தைப் பொய்யாகக் காட்ட, மற்ற பேய்கள் ஓடிப்போய் இல்லாத ரத்தத்தை அள்ளி ஏமாறுகின்றன. சோழர் குலவரலாறான இராச பாரம்பரியம் சொல்லப்படுவது அந்தக் காளியின் அவையில், பேய்களுக்கு நடுவில்தான். குலோத்துங்கனின் பிறப்பும் அங்கேதான் பாடப்படுகிறது. கடைசியில் களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சி, சமணப் பேய்க்கு வடிகட்டி, புத்தப் பேய்க்குக் கஞ்சியாக என்று பார்த்துப் பார்த்து ஊற்றுகின்றன.

சித்தியின் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. காதல், பேய், ராஜ வம்சம் மூன்றும் ஒரே நூலில் இருக்கின்றன, அதுவும் அரசன் காதில் விழும்படி பாடிய நூலில். வரலாற்று ஆசிரியர்கள் அதில் வம்சத்தை எடுத்துக்கொண்டு, பேயைக் கவிஞர் கற்பனை என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு அது சரி. வாசகிக்கு அப்படிப் பிரித்து எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

புதன்

ஜெயங்கொண்டத்திலிருந்து சென்னை. நீண்ட பேருந்துப் பயணம். பாதியில் நின்ற தொடர் ஒன்றை முடித்தேன். கதாநாயகன் ஆத்மாவுக்கு உடம்பு கிடைத்துவிட்டது.

வியாழன், திருவாலங்காடு

அரக்கோணம் மின்சார ரயிலில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கோயில். சிவன் ஆடிய ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. அம்மையார் தலையால் நடந்து கைலாயம் போய், ஆடலைப் பார்க்க வந்து சேர்ந்த இடம். அவள் தலையால் நடந்த மண் என்பதால் சம்பந்தர் இந்த ஊரை மிதிக்கத் தயங்கிப் பக்கத்திலேயே தங்கிவிட்டார் என்கிறது பெரிய புராணம். கனவில் இறைவன் கேட்க, அவர் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே நீலி வந்துவிடுகிறாள். "வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்கிறார். 7ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கதை ஊரறிந்த கதை.

பழையனூர் பக்கத்து ஊர்தான். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் இந்தப் பழையனூரைத்தான் ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததாக அதில் இருக்கிறது. சோழர் வம்சாவளிக்கு வரலாற்று ஆசிரியர்கள் முதலில் எடுத்து வைக்கும் சான்றுகளில் ஒன்று அது. ஒரே ஊரின் பெயர் செப்பேட்டிலும் இருக்கிறது, பேய்க்கதையிலும் இருக்கிறது.

கதைக்குப் பல வடிவம். சாரம் இதுதான். ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியே வந்தான். பேயாகக் காத்திருந்தவள், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் புருஷன் என்னைக் கைவிடுகிறான் என்று ஊர் வெள்ளாளர் எழுபது பேரிடம் முறையிட்டாள். இவள் பேய் என்று அவன் கதறினான். குழந்தை அவனிடம் தாவியது. அவள் சொல்தான் எடுபட்டது. அவனைக் காத்த மந்திர வாளையும் வாங்கி வைத்துவிட்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று எழுபது பேரும் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சொன்ன சொல் காத்த அந்தப் பழையனூராரைச் சேக்கிழார் தொண்டை நாட்டுப் பெருமையில் வைத்துப் பாடுகிறார். அவர்கள் தீப்பாய்ந்த இடத்தில் சாட்சி பூதேஸ்வரர் கோயில் இருக்கிறது. போய்க் கும்பிட்டேன். அந்த வாக்குக்கு முன்னால் தலை தானாகவே குனிகிறது.

ஆனால் அந்தப் பெண்? நீலிக் கண்ணீர் என்றால் பொய் அழுகை என்று ஊரெல்லாம் சொல்கிறோம். கொல்லப்பட்டவள் அழுத அழுகையில் பொய் எது?

கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் முல்லை வாங்கும்போது நீலி கதையைக் கேட்டேன். நார் கட்டும் கை நிற்கவில்லை. "அவ புருஷன்கிட்ட அவ கணக்குக் கேட்டா. நடுவுல இவங்க ஜாமீன் நின்னாங்க. இவங்க உயிர் போனதுக்கு அவ என்னம்மா பண்ணுவா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கைபேசியிலிருந்து தலை தூக்கி, "நான் படிக்கிற கதையில பேய் திருந்திடும்கா" என்றாள். என்ன கதை என்று பார்த்தால், நானும் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு தொடர்!

திருந்துகிற நீலியும் நம்மிடம் உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி. சமணர்கள் இந்தப் பழையனூர் நீலியையே எடுத்து, முனிச்சந்திரர் என்ற முனிவரிடம் அறம் கேட்க வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்யும் அறிவாளியாக்கிவிட்டார்கள். முனிவரை மயக்க அழகிய பெண்ணாக வந்தவள்தான், வந்த இடத்தில் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். "லவ் இல்லையா அதுல?" என்று கேட்டாள் மகள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, பேர் சொல்லுங்க" என்று கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் நீலகேசியின் குண்டலகேசி வாதத்தைத் தொடங்கியிருக்கிறேன். குண்டலகேசியின் கதையும் தெரிந்ததுதான். மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்த்த கணவனை, கடைசியாக வலம் வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லித் தள்ளிவிட்டவள். பிறகு பௌத்தத் துறவி. ஊர்க்கதை நீலி கணவன் கையால் செத்தவள், இவள் சாகாமல் தப்பியவள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது ஆன்மா உண்டா இல்லையா என்று. கணவன்மாரைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. ஆவடி வந்துவிட்டது, வாதம் இன்னும் பாதிகூட ஆகவில்லை.